நம்பர் நிற்கிற வரைக்கும்

இந்த லேம்ப் வரமாட்டேன் என்கிறது. மூன்று திருகையும் கழற்றியாகிவிட்டது, பிடித்து இழுத்தாலும் அசையவில்லை, உள்ளே எதுவோ பிடித்து வைத்திருக்கிறது, திருப்புளியை விட்டு நெம்பினால் முதலில் வருவது லேம்ப் இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு கொத்து, சீப்பில் சிக்கிய முடி மாதிரி, அதற்குள் ஈசல் இறக்கை, அதற்குள் தட்டையாகக் காய்ந்துபோன ஒரு பல்லிக்குட்டி, வால் மட்டும் முழுசாக இருக்கிறது. கருமம். கையுறை போட்டிருந்தாலும் விரலில் பட்ட மாதிரியே இருக்கிறது, தோலுக்கு அடியில் ஊர்கிறது. ஏதோ கல்யாண மண்டபத்துப் புரொஜெக்டர், பார்க்காமலே சொல்லிவிடலாம், அப்பளம் பொரித்த எண்ணெய் ஆவி எல்லாம் மேலே போய் இதற்குள் குடியிருந்திருக்கிறது, துணியால் வழிக்க வழிக்கப் பிசுபிசு என்று வருகிறது. பெண்ணும் மாப்பிள்ளையும் தோட்டத்தில் சிரிக்கிற போட்டோவைச் சுவரில் பெரிசாகக் காட்டிக்கொண்டே இது பின்னால் மூச்சை இழுத்து இழுத்து இத்தனையையும் விழுங்கியிருக்கிறது. பாரிலிருந்து வருவது இன்னும் மோசம், அதைத் திறந்தால் சிகரெட்டும் கோழிச் சாப்ஸும் சேர்ந்து முகத்தில் ஏப்பம் விட்ட மாதிரி இருக்கும். காலேஜிலிருந்து வருவதுதான் கொஞ்சம் பரவாயில்லை, வெறும் சுண்ணாம்புத் தூள், தும்மலோடு போய்விடும். இந்தக் கோயமுத்தூரில் எத்தனை காலேஜ், எத்தனை மண்டபம், எல்லாவற்றின் குப்பையும் கடைசியில் இந்த மாடி அறைக்குத்தான் வருகிறது, என் மூக்குக்குத்தான் வருகிறது. வந்துவிட்டது, கண்ணாடி உடையவில்லை. கண்ணாடியை விரலால் தொடக் கூடாது, விரலில் இருக்கிற எண்ணெய் பட்டால் எரியும்போது அந்த இடம் மட்டும் சூடேறி வெடிக்கும் என்று வந்த அன்றைக்கே கடை முதலாளி சம்பத் அண்ணன் சொன்னார், வாசற்படியில் நின்றுகொண்டு சொன்னார். துடைத்து, மூடியில்லாமல் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிற டெஸ்ட் புரொஜெக்டரில் அதைச் செருகி, ஒயரை வாட்ஸ் மீட்டரில் மாட்டி, சுவிட்சைப் போடுகிறேன். டிக். ஒரு நிமிஷம் ஒன்றுமே இல்லை. அப்புறம் ங்ங்ங் என்று. எதிர்ச் சுவரில் பச்சைப் பெயிண்டுக்கு மேலே நீல நிறத்தில் ஒரு சதுரம், படம் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் நீலம்.

மீட்டரில் நம்பர் ஏறுகிறது. நாற்பது, எண்பத்தேழு, நூற்றுப் பத்து, மெல்ல மெல்ல, மாடிப்படி ஏறுகிற மாசமான பொம்பளை மாதிரி நின்று நின்று ஏறும். ஏறின உடனே எழுதிவிடக் கூடாது. எரிந்து, சூடேறி, உள்ளே எல்லாம் சரியாகி, இனிமேல் இவ்வளவுதான் மின்சாரம் தின்பேன் என்று அது ஒரு நம்பரில் நிற்க வேண்டும். நின்றால் நல்ல லேம்ப், ஸ்டிக்கரில் எழுதி ஒட்டி வலது பக்கம் வைக்க வேண்டும். ஆடிக்கொண்டே இருந்தால் கெட்ட லேம்ப். இவ்வளவுதான் என் வேலை, ஐந்தாவது படித்தவளுக்கு இது போதும், நம்பர் தெரிந்தால் போதும். நம்பர் நிற்கிற வரைக்கும் நானும் நிற்க வேண்டும், கை சும்மா இருக்கும், கை சும்மா இருந்தால் மனசு சும்மா இருக்காது. காற்றடித்தால் லேம்ப் குளிர்ந்து நம்பர் ஆடும் என்று ஜன்னலை அடைத்து, மேலே செலோடேப் வேறு ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் இந்த வெளிச்சத்துக்குள் மிதக்கிறதெல்லாம் எங்கேயும் போவதில்லை, இங்கேயே சுற்றுகிறது. லேம்ப்பிலிருந்து சுவர் வரைக்கும் வெளிச்சம் ஒரு குழாய் மாதிரிப் போகிறது, அந்தக் குழாய்க்குள் பார்த்தால் தூசி, நூல், செதில், யாரோ ஒருத்தருடைய தலைப் பொடுகு, ஈசல் இறக்கைத் துண்டு, எல்லாம் அவசரமே இல்லாமல் ஏறி இறங்கிக்கொண்டு. வெளிச்சம் படாத இடத்திலும் அதேதான் இருக்கிறது, தெரிவதில்லை, அவ்வளவுதான். முன்னாலெல்லாம் இதைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வேன். முந்தாநாளிலிருந்து வேறு எதையோ தேடுகிறேன். வெள்ளி மாதிரி ஏதாவது மினுங்குகிறதா என்று. ஆவியாகப் போனது கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது என்று தெரிந்தும் தேடுகிறேன்.

முந்தாநாள் வெடித்த லேம்ப்புக்கு நான்தான் நின்றுகொண்டிருந்தேன். நம்பர் இருநூறைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது, அட, நல்லா இழுக்குதே என்று குனிந்தேன், அவ்வளவுதான். பட் என்று ஒரு சத்தம். பட்டாசுச் சத்தம்கூடப் பெரிசாக இருக்கும், ஆனால் இது காதில் கேட்கவில்லை, வயிற்றில் கேட்டது. நீலச் சதுரம் போய்விட்டது, புரொஜெக்டரின் வாயிலிருந்து வெள்ளையாக ஒரு புகை, மெல்லிசாக, பால் பொங்கும்போது வருகிற ஆவி மாதிரி, நேராக என் முகத்துக்கு வந்தது. நான் பயத்தில் ஹாவென்று மூச்சை உள்ளே இழுத்தேன், வெளியே விட வேண்டிய நேரத்தில் உள்ளே இழுத்தேன். இரும்பை நக்கினால் ஒரு ருசி வருமே, அந்த ருசி நாக்கில். பக்கத்து மேஜையில் லேம்ப்புகளை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த ரெஜினாக்கா எழுந்து போய்ச் செலோடேப்பைக் கிழித்து ஜன்னலைத் திறந்தது. சத்தம் கேட்டுச் சம்பத் அண்ணன் மேலே வந்தார், வந்தவர் படியிலேயே நின்றுவிட்டார், கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, "ஃபேனப் போடுங்க, ரெஜினா, அந்தப் பெரிய ஃபேனத் திருப்பி வையி, கண்ணாடி யாருக்கும் படலீல்ல?" என்றார். படலீங்க என்று ரெஜினாக்காதான் சொன்னது, நான் எப்போதும் போல முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். கொஞ்ச நேரத்தில் வாழைப்பழம் வந்தது. லேம்ப் வெடித்தால் ஆளுக்கு இரண்டு வாழைப்பழம், அது இந்தக் கடையின் வழக்கம், மில்லில் பஞ்சுத் தூசிக்கு வெல்லம் கொடுக்கிற மாதிரி. பூவன் பழம், கனிந்து தோல் கறுத்தது. ரெஜினாக்கா தோலை உரித்து என் கையில் திணித்து, "தின்னு அம்மணி. நான் வந்த புதுசுல மாசத்துக்கு ஒண்ணு வெடிக்கும், எனக்கு வாழப்பழமே வெறுத்துப் போச்சு. உள்ள ஊசிமுனையாட்டப் பாதரசம் இருக்குமாமா. பழம் தின்னா அதைச் சுருட்டிக்கிட்டு கீழ எறங்கிரும்" என்றது. நான் தின்றேன். கொழகொழவென்று அந்தப் பழம் தொண்டையில் இறங்கும்போதுதான் பாதரசம் என்கிற வார்த்தை எனக்குள் இறங்கியது. அப்புறம் இரண்டாவது பழத்தைத் தின்ன முடியவில்லை. சாயங்காலத்துக்குள் ஜன்னலை மறுபடியும் அடைத்தாகிவிட்டது, நம்பர் ஆடுகிறதாம்.

பாதரசம் எனக்குத் தெரியும். படித்துத் தெரியாது, பார்த்துத் தெரியும். பாப்பா பிறந்து பெரியாஸ்பத்திரி வார்டில் கிடந்தபோது ஒரு சின்ன நர்ஸ் கையிலிருந்து காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக்குச்சி விழுந்து உடைந்தது. தரையில் குட்டிக் குட்டியாக வெள்ளி உருண்டை, ஒன்று என் கட்டில் காலடிக்கே உருண்டு வந்தது, எவ்வளவு அழகாக இருந்தது, பக்கத்துக் கட்டில்காரியின் மூத்த பெண் அதைப் பொறுக்கப் போனாள், பெரிய நர்ஸம்மா போட்டார் பாருங்கள் ஒரு சத்தம், "தொடாதே! அல்லாரும் பச்சப்புள்ளைகளத் தூக்கிட்டு வெளிய போங்க, போங்க, நிக்காதீங்க" என்று. தையல் பிரியுமோ என்று ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் பாப்பாவை அணைத்துக்கொண்டு நானும் வராண்டாவுக்கு ஓடினேன். ஏன் என்று கேட்கலாம் என்று அப்போது நினைத்தேன். நர்ஸம்மா பக்கத்தில்தான் நின்றார். கேட்கவில்லை. எனக்கு யாரிடமும் எதையும் கேட்க வராது, பஸ்ஸில் ஸ்டாப் தாண்டிப் போனாலும் கண்டக்டரிடம் கேட்காமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடப்பேன். அன்றைக்குத் தரையில் விழுந்த உருண்டைக்கே பச்சைப் பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள் என்றால், முகத்துக்கு நேரே ஆவியாக வந்து மூச்சோடு போனது எங்கே போகும்? வயிற்றுக்கு இல்லை, வாழைப்பழம் போகிற வழி வேறு, இது போகிற வழி வேறு, அது நெஞ்சுக்குப் போகும். நெஞ்சிலிருந்து? நெஞ்சில்தானே பால் இருக்கிறது. நான் பூண்டு தின்றால் பால் பூண்டு வாசம் அடிக்கிறது, பாப்பா முகத்தைச் சுளிக்கிறாள். மாங்காய் தின்றால் அவளுக்கு வயிறு போகிறது. அப்போது இது?

நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றிரண்டு. நின்றுவிட்டது. எழுது, ஒட்டு, வலது பக்கம் வை. அடுத்தது. இது காலேஜ், தூள்தான், தும்மல் வருகிறது, தும்மினால் மாரில் சுருக்கென்று இழுக்கிறது. கல் மாதிரி ஆகிவிட்டது இரண்டும். முந்தாநாள் சாயங்காலத்திலிருந்து கொடுக்கவில்லை, கட்டிக்கொண்டு தெறிக்கிறது, காலையில் வந்ததும் கீழே பாத்ரூமில் போய்ப் பீச்சிவிட்டேன், அந்த பாத்ரூமில், மஞ்சள் பிடித்த அந்தப் பீங்கானில், யாரோ துப்பிய பாக்கு எச்சில் மேலே. வெள்ளையாகப் போய் அந்தச் சிவப்போடு கலந்து ரோஸ் நிறமாக ஓடியது. பாப்பா வாய்க்குப் போக வேண்டியது. பீச்சப் பீச்ச இன்னும் ஊறுகிறது, சனியன், வேண்டாத நேரத்தில்தான் ஊறும், ரவிக்கைக்குள் மடித்து வைத்த துணி நனைந்து புளித்துப் போய் எனக்கே என்மேல் நாற்றம் அடிக்கிறது, மோர்ப் பானைக்குள் தலையை விட்ட மாதிரி. இதே வாசத்துக்குத்தான் பாப்பா தூக்கத்தில்கூட மூக்கை வைத்துத் தேடுவாள். நேற்று ராத்திரி முழுக்க அவள் தேடினாள், நான் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டேன், பாக்கெட் பாலைக் காய்ச்சிச் சங்கில் ஊற்றினால் துப்பினாள், கழுத்துவரை வழிந்து நாறியது. அத்தை அதைப் பார்த்துவிட்டு, சோற்றைத் தன் வாயில் போட்டு மென்று, கூழாக்கி, எச்சிலோடு விரலில் எடுத்து அவள் வாயில் வைத்தார், அத்தைக்குப் பல் எல்லாம் கறுப்பு, பாப்பா அதைத் தின்றாள். பசி. ஏழு மாசத்துப் பசிக்கு அருவருப்பு தெரியாது. அவரிடம், பாப்பாவின் அப்பாவிடம், காலையில் பல் விளக்கும்போது சொன்னேன், லேம்ப் வெடிச்சுதுங்க, பால் குடுக்கப் பயமா இருக்குதுங்க என்று. பிரஷ்ஷோடவே சிரித்தார். "அங்க ரெஜினாக்கா எத்தன வருசமா இருக்குது? அதென்ன செத்தா போச்சு?" என்றார், நுரை தெறித்தது. லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அத்தை காதில் அது விழுந்ததோ இல்லையோ, நான் செருப்பை மாட்டும்போது பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். "என்னாயா, வேலைக்குப் போன மூணாம் மாசமே பாலு கசக்குதா? மேனி தளந்து போயிருமாக்கும்? எங்காலத்துல அஞ்சு பெத்தோம், அஞ்சுக்கும் குடுத்தோம். மத்தியானம் புள்ளயத் தூக்கிட்டு உன்ற கடைக்கே வர்றேன். நாலு பேரு முன்னால குடுக்க மாட்டேன்னு சொல்லு பாக்கலாம்." பக்கத்து வீட்டுக்காரி வாளியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். மத்தியானம் என்றால் எப்போது? இப்போது வெயில் ஜன்னல் சட்டத்தைத் தொட்டுவிட்டது. கொடுத்தால் என்ன ஆகும், கொடுக்காவிட்டால் என்ன ஆகும், இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன், ஒன்றும் நிற்க மாட்டேன் என்கிறது.

இதுவும் நிற்கவில்லை. நூற்றெழுபது, நூற்றெண்பத்தெட்டு, நூற்றறுபத்தொன்று, மறுபடி நூற்றெண்பது. கெட்ட லேம்ப். சுவரில் நீலம் துடிக்கிறது, கண்ணிமை துடிக்கிற மாதிரி. ஆடினால் இடது பக்கம் போட வேண்டும் என்றுதான் முதல் வாரம் சம்பத் அண்ணன் சொல்லிக் கொடுத்தார், இரண்டாவது வாரம் வாசற்படியில் நின்று, "துளசி, ரொம்ப ஆடினாத்தான் தூக்கிப் போடோணும். கொஞ்சம் ஆடினா, ஆடறதுல பெரிய நம்பரப் பாத்து எழுதீரு" என்றார். அப்படி எழுதி, துடைத்து, புதுப் பெட்டியில் போட்டு, புதிசு மாதிரி ஏதோ பள்ளிக்கூடத்துக்குப் போகும். பிள்ளைகள் தலைக்கு மேலே போய் ஆடிக்கொண்டு எரியும். இதுவும் கருமம்தான், நானும் எழுதுகிறேன், நூற்றெண்பத்தெட்டு. "அக்கா," என்று கூப்பிட்டேன், கூப்பிட்டுவிட்டு வாயில் முந்தானை. ரெஜினாக்கா பெட்டியை மடித்துக்கொண்டே, "என்ன, மறுபடியும் அதேதானா? கேளு கேளு, கேட்டாத்தான் உனக்கு மதியச் சோறு எறங்கும்" என்றது. இந்தப் பெட்டி மேலே குப்பைத் தொட்டிப் படம் போட்டுக் குறுக்கே கோடு போட்டிருக்கிறதே, கீழே இரண்டு இங்கிலீஷ் எழுத்து இருக்கிறதே, எச், ஜி, அது என்னவென்று கேட்டேன். ரெஜினாக்கா பெட்டியைத் தூக்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. "எச்சு ஜீன்னா ஹை கிரேடு. நல்ல சரக்குன்னு அர்த்தம். குப்பைத் தொட்டில போட்றாதே, சம்பத்துகிட்டக் குடு, அவன் புதுசுன்னு சொல்லி வித்துருவான்னு போட்டிருக்குது." சொல்லிவிட்டு அதுவே சிரித்தது, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்ததும் மாரில் வலி. அப்புறம் ரெஜினாக்கா சிரிப்பை நிறுத்தி, கையுறையைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "எனக்கென்ன தெரியும் அம்மணி. என்ற புள்ளைங்க அல்லாம் வளந்து கல்யாணமே ஆயாச்சு. எனக்கு உள்ள போனா என்னோட போச்சு" என்றது. நல்ல மாதிரிதான் சொன்னது. ஆனால் என்னோடு போச்சு என்றால், என்னோடு போகாது என்று ஒன்று இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ரெஜினாக்காவைச் சொல்லிச் செத்தா போச்சு என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார், ரெஜினாக்கா யாருக்குப் பால் கொடுக்கிறது? சம்பத் அண்ணனிடம் கேளேன், அவருக்குத்தான் எல்லாம் தெரியும் என்றது. அவரிடமா. வாசற்படியில் நிற்கிற மனுசனிடம், பாலைப் பற்றி, நானா.

வாசற்படி. அடுத்த லேம்ப்பை எடுக்கிறேன், திருகு ஒன்று, திருகு இரண்டு, வாசற்படியை விட்டு மனசு நகர மாட்டேன் என்கிறது. சம்பத் அண்ணன் எப்போதும் வாசற்படியில்தான் நிற்பார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, தலையை மட்டும் நீட்டிச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டில் போய்ப் பெருமையாகச் சொன்னேன், ரெண்டு பொம்பளைங்க வேலை செய்யற ரூமுன்னு உள்ள வர மாட்டாருங்க, மரியாதை தெரிஞ்ச மனுசனுங்க என்று. அத்தைகூட, பரவால்லியே, நல்ல எடந்தான் என்றார். மரியாதை. அண்ணி, அவர் சம்சாரம் பவித்ரா அண்ணி, முன்னாலெல்லாம் மேலே வந்து போய்க்கொண்டு இருப்பார், இந்த மூலையில் நாற்காலி போட்டு பில் எழுதுவார், ஈரத் தலையை ஆற்றிக்கொண்டு எங்களோடு சிரித்துப் பேசுவார். ஆடிக்கு முன்னால் ஒரு நாள் தட்டில் மைசூர்பா எடுத்துக்கொண்டு வந்தார், நாள் தள்ளியிருக்கிறது, டாக்டரம்மா சொல்லிவிட்டார் என்று முகமெல்லாம் சிவப்பு. கதவைத் தாண்டவில்லை, பின்னாலேயே சம்பத் அண்ணன் படியில் தடதடவென்று ஓடி வந்தார், கையைப் பிடித்து நிறுத்தினார். "இங்கெல்லாம் வரக்கூடாதுன்னு காலைலதானே சொன்னேன் பவி. எறங்கு, எறங்கு." "ஸ்வீட்டு மட்டும் குடுத்துட்டு வந்தர்றேனுங்க." "நான் குடுத்துக்கறேன். நீ மூக்க மூடு மொதல்ல." தட்டை வாங்கி வாசற்படியிலேயே வைத்துவிட்டு அண்ணியைக் கைத்தாங்கலாகக் கீழே கூட்டிப் போனார். ரெஜினாக்கா மைசூர்பாவைக் கடித்துக்கொண்டு, "பாத்தியா, பொண்டாட்டியத் தாங்கறதுன்னா இதான். உன்ற ஊட்டுக்காரரு தாங்குவாரா இப்பிடி?" என்று கேட்டது. மசக்கைக்கு இந்த நாற்றம் ஆகாதுதான் என்று நான் நினைத்தேன். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அன்றைக்கு அந்த நெய் இனிப்பு என் வாயில் இருக்கும்போதே ரவிக்கை நனைந்தது, பாப்பா பசிக்கு அழுவாள் என்று சீக்கிரம் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தின்றேன், நெய் விரலை நக்கினேன். அதற்கப்புறம் அண்ணி மேலே வரவே இல்லை. கீழே கண்ணாடிக் கதவை மூடிக்கொண்டு ஏசியில் உட்கார்ந்திருக்கிறார், அந்தக் கதவுக்குக் கீழே ரப்பர் பட்டை ஒட்டியிருக்கிறது, ஏசிக் காற்று வெளியே போகாமல் இருக்க என்று நினைத்தேன்.

மூக்கை மூடு என்றார். நாற்றம் அடிக்கும் என்று சொல்லவில்லை. வாந்தி வரும் என்று சொல்லவில்லை. அன்றைக்கு லேம்ப் எதுவும் வெடிக்கவும் இல்லை, சும்மா இருந்த அறை, எப்போதும் போல இருந்த அறை, அதற்கே மூக்கை மூடு. அப்படியென்றால் அவருக்குத் தெரியும். முதலிலிருந்தே தெரியும். ஒரு கால் வெளியே வைத்து நின்றது எங்களுக்காக இல்லை, அவருடைய மூச்சுக்காக. நான் பிள்ளை பெற்று நாலு மாசத்தில் வந்து நின்றேன், அத்தை கூட வந்து, கைக்குழந்தைக்காரிங்க, மத்தியானம் பால் குடுக்க அரைமணி விடோணுங்க என்று கேட்டார், அதுக்கென்னங்க, தாராளமாப் போய்ட்டு வரட்டும் என்று சொன்னார். தாராளமாக. என் மாரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார், அதையும் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். ஒருத்தி வயிற்றில் இருப்பதற்குக் கைத்தாங்கல், இன்னொருத்தி மாரில் குடிப்பதற்கு வாழைப்பழம். அந்தப் பழம் இப்போது தொண்டைக்கு ஏறி வருகிற மாதிரி இருக்கிறது, முந்தாநாள் தின்றது, கொழகொழவென்று, இனிப்பாக. அதற்கு நன்றி வேறு, தலையை ஆட்டித் தெரிவித்தேன். பல்லிக்குட்டி பரவாயில்லை, பாக்கு எச்சில் பரவாயில்லை, அத்தையின் பல்கூடப் பரவாயில்லை, அதெல்லாம் தெரியாத அழுக்கு, இது தெரிந்த அழுக்கு, சட்டைக்குப் பெட்டி போட்டு, பவுடர் பூசி, வாசற்படியில் நின்று சிரிக்கிற அழுக்கு. ஆனால் எனக்கு அவருடைய அழுக்கு முக்கியமில்லை, எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும், கொடுக்கலாமா கூடாதா, இரண்டு நாள் விட்டால் சரியாகிவிடுமா, ஒரு மாசம் விட வேண்டுமா, இல்லை இனிமேல் எப்போதுமே, அது யாருக்குத் தெரியும்? அவரைக் கேட்டால் ஒண்ணுமில்ல துளசி, பழம் தின்னியா என்பார். டாக்டரம்மாவைப் பார்க்கப் போனால் எந்தப் பேரைச் சொல்லிக் கேட்பேன், என்ன லேம்ப், என்ன ஆவி, நாக்கு எழும்புமா எனக்கு. ஆனால் அண்ணிக்கு அவர் சொல்லியிருப்பார். பொண்டாட்டிக்கு முழுசாகச் சொல்லியிருப்பார். எதற்கு வரக் கூடாது, உள்ளே போனால் பிள்ளைக்கு என்ன ஆகும், எல்லாம் உட்கார வைத்துச் சொல்லித்தான் இருப்பார், அண்ணியும் எத்தனை நாள் பாப்பா எப்படி இருக்கிறாள் என்று விசாரித்திருக்கிறார், அப்போதெல்லாம் வாய் வரை வந்து நின்றிருக்குமோ.

கீழே அழுகைச் சத்தம். இல்லை, தெருவில் ஹார்ன். இல்லை, அழுகைதான், பாப்பா அழுகைதான், ஆயிரம் அழுகையில் தெரியும், இரண்டு பக்கமும் குபுக்கென்று ஊறி வழிகிறது, நான் சொல்லாமலே அது இறங்குகிறது, துணி தாண்டி, ரவிக்கை தாண்டி, சேலை வரைக்கும். ரெஜினாக்கா ஜன்னல் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மணி, உன்ற மாமியா வந்தாச்சு, ஆட்டோல எறங்கறாங்க. கண்ணாடி ரூம்லயே உக்காந்து குடுத்துக்க, நான் பாத்துக்கறேன் இதை" என்கிறது. லேம்ப்பில் நம்பர் ஏறிக்கொண்டு இருக்கிறது, ஏறட்டும். கையுறையைக் கழற்றுகிறேன், விரல் எல்லாம் ஊறி வெள்ளையாக, செத்த விரல் மாதிரி. கண்ணாடி ரூம் என்றால் அண்ணி இருப்பார். அத்தை இருப்பார். சம்பத் அண்ணனும் கல்லாவில் இருப்பார். பாப்பா கையை நீட்டுவாள், என் கழுத்துக்குள் மூக்கை விட்டுத் தேடுவாள், அந்த நேரத்தில் ஒரு தடவை வைத்துவிட்டால் அப்புறம் எடுக்க எனக்கு மனசு வராது, எனக்குத் தெரியும், என்னை எனக்குத் தெரியும், அதனால் அவளை வாங்குகிறதுக்கு முன்னாலேயே, ரவிக்கையில் கை வைக்கிறதுக்கு முன்னாலேயே, முந்தானையை வாயில் வைக்காமல், அண்ணி கண்ணைப் பார்த்துக் கேட்டுவிட வேண்டும், அண்ணி, உங்கள எதுக்குங்க மேல விடறதில்ல, அண்ணன் உங்ககிட்ட என்ன சொன்னாரு, அதை அப்படியே எனக்கும் சொல்லுங்க, என்ற புள்ள தலை மேல கை வெச்சுச் சொல்லுங்க, குடுக்கட்டுமா, என்று. அண்ணன் முறைத்தாலும் சரி. அத்தை என்ன பேச்சுடீ இது என்றாலும் சரி. வேலை போனாலும் சரி. சத்தம் வருமா? இந்தப் படியில் இறங்குவதற்குள் சத்தம் வந்துவிட வேண்டும், எத்தனையோ தடவை ஸ்டாப் தாண்டி இறங்கித் திரும்பி நடந்திருக்கிறேன், இதில் தாண்டிவிட்டால் திரும்பி நடக்க வழி இல்லை, இது ஸ்டாப் இல்லை, இது பாப்பா, அவள் வாய், அந்தச் சின்ன வாயில் இரண்டே இரண்டு பல்

"துளசீ!" சம்பத் அண்ணன்தான், கீழே படிக்கட்டு அடியில் நின்று, மேலே ஏறாமல். "புள்ள அழுவுது பாரு, இன்னும் என்ன பண்றே மேல? எறங்கி வா, வந்து பாலக் குடு."

வந்துட்டேனுங்க என்று சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன், எப்போதும் போல அதைத்தான் சொல்லப் போகிறேன் என்று படியில் கால் வைக்கிறேன், ஆனால் வாயில் வந்து நிற்பது, அண்ணி, உங்கள எதுக்குங்க